இறகுதிர்த்த கோழிகளும் ஒரு தூக்குப்போசிச் சீம்பாலும்

கோழி இறகு உதிர்ப்பதை முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துதான் போவார்கள். போன வாரம்வரை மினுமினுவென்று நின்ற பறவை கழுத்து மொட்டையாகி, வால் விழுந்து, கொண்டை சுருங்கி ஒரு மூலையில் நிற்கும். அண்மையில், யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, கொட்டகையில் ஏதோ நோய் புகுந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். நோயெல்லாம் இல்லை, கோழி உடுப்பு மாற்றிக்கொள்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அதனால் எழுதியே அனுப்புகிறேன். ஊசி போடுவது, மஞ்சள் கருவைப் பிரிப்பது, உலர்த்துவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கொள்ளேகால் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். கல்யாணம் ஆகி மைசூருக்கு வந்தேன். நரசிபுரம் போகும் சாலையில் இருக்கும் நம் யூனிட்டில், பரிசோதனைக் கூடத்தில் கடைசிவரை வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது யூனிட் என்பது ஒரு தகரக் கொட்டகை, இரண்டு அறை, ஒரு டாக்டர். டாக்டர் என்றால் கால்நடை டாக்டர். என்னைவிட வயதில் சிறியவர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். மைசூர்க் கன்னடத்தில் மென்மையாகவும் திட்டத் தெரியும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எதைக் கேட்டாலும் 'நோடோணா' என்பார், பார்ப்போம் என்று. பல பேர் அதை மழுப்பல் என்று நினைப்பார்கள். அவர் உண்மையாகவே பார்ப்பார். அப்படி ஒரு மனிதரின் கீழ் வேலை செய்யக் கிடைத்ததற்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

நாம் செய்கிற வேலையை டாக்டர் விவசாயிகளுக்கு விளக்கும் விதம் அலாதியாக இருக்கும். பிறந்த கன்றுகளுக்கு முதல் சில வாரங்களில் கழிச்சல் வருகிறது அல்லவா, அந்தக் கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசியைக் கோழிக்குப் போடுகிறோம். கோழியின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகிறது. கோழி அதைத் தன் குஞ்சுக்கென்று முட்டையின் மஞ்சள் கருவில் கட்டிக்கொடுக்கிறது. குஞ்சுக்குப் போக வேண்டியதை நாம் எடுத்துப் பொடியாக்கிக் கன்றுக்குக் கொடுக்கிறோம். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, எதிரில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் டாக்டர் ஒரே வரியில் முடிப்பார். 'இது கோழி போடும் சீம்பால்.' எல்லோரும் சிரிப்பார்கள், பொட்டலம் விற்கும். நாங்களும் போகிற இடமெல்லாம் அதையே சொன்னோம். அந்த ஒரு வரி என்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து பழனியம்மா முதல்முதலாகப் பொடி வாங்க வந்தது ஒரு கோடைக்காலத்தில். இரண்டு மாடு வைத்திருந்தாள். போன ஈற்றில் பிறந்த கிடேரிக் கன்று கழிச்சல் கண்டு அவள் மடியிலேயே செத்துப் போயிருந்தது. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் பேச ஆரம்பித்ததும், "நம்ம பக்கமுங்களா அக்கா?" என்று முகம் மலர்ந்தாள். அப்பா அம்மா போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். மூத்த மாடு மறுபடி சினையாக இருந்தது. தை மாதம் ஈனும், அதற்குப் பொடி வேண்டும் என்றாள். நான் உண்டு என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது கொட்டகை நிறையக் கோழி, கூடை நிறைய முட்டை. வாக்குக் கொடுக்க என்ன தடை?

அந்த வருஷம் தசராவுக்கு ஊரெல்லாம் விளக்கு எரிந்தது. எங்கள் கொட்டகையில் மட்டும் விளக்கைப் போட்டு அணைக்கும் டைமர் பழுதாகியிருந்தது. பகல் குறைகிற பருவம் வேறு. வெளிச்சம் குறைந்தால் கோழிக்கு இறகு உதிர்க்கும் காலம் வந்துவிட்டது என்று உடம்பு சொல்லிவிடும். விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறந்தால் தலையணையைக் கிழித்துக் கொட்டிய மாதிரி தரையெல்லாம் இறகு. முட்டைக் கூடை நாளுக்கு நாள் இளைத்தது. பொடி இருப்பும் கரைந்துகொண்டே வந்தது.

தீவனம் விற்க வந்த ஒருவர் டாக்டருக்கு வழி சொன்னார். கோழிகளைச் சில நாள் பட்டினி போட்டால் எல்லாம் ஒரேயடியாக உதிர்த்துவிட்டுச் சீக்கிரம் முட்டைக்கு வந்துவிடும் என்றார். அது கூடாத காரியம், அரசாங்க விதிக்கும் விரோதம். டாக்டர் அவருக்கு டீ கொடுத்தார், குடித்து முடித்ததும் வாசல் எந்தப் பக்கம் என்று காட்டினார்.

ஆனால் அவருக்கும் பயம் இருந்தது. மண்டி மொஹல்லாவில் கறிக்கடை வைத்திருந்த வியாபாரி ஒருவரை வரச் சொல்லியிருந்தார். கிழக்கோழியைக் கறிக்குக் கொடுத்துவிட்டுப் புதுக் குஞ்சு வாங்குவதுதான் முட்டைப் பண்ணைகளில் வழக்கம். வியாபாரி வண்டியோடு வந்து, அவசரப்படுத்தாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கொட்டகையைப் பார்க்கப் பார்க்க டாக்டரின் முகம் சுருங்கிக்கொண்டு போனது. இந்தக் கோழிகளிடம் இனி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

எனக்குக் கோழிகள்மேல் அப்படியொன்றும் பிரியம் இல்லை. கையைக் கொத்தும் ஜாதி. ஆனால் புதுக் குஞ்சு வாங்கி வளர்த்து, ஊசி போட்டு, அது முட்டைக்கு வருவதற்குள் அரை வருஷம் ஓடிவிடும். பழனியம்மாவின் மாடு தையில் ஈனும். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த அவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. முட்டை இல்லை என்பது தெரியும், ஆன்டிபாடி இல்லை என்பது நமக்கு எப்படித் தெரியும் என்று டாக்டரிடம் கேட்டேன். முட்டையில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம், ரத்தத்தில் பார்ப்போமே என்றேன். வியாபாரி வெளியே காத்திருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? டாக்டர் வெளியே நின்ற வண்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு 'நோடோணா' என்று சொல்லி ஊசியை எடுத்தார்.

மொட்டைக் கழுத்துக் கோழிகளைப் பிடித்து ரத்தம் எடுத்தோம். பரிசோதனைத் தட்டில் நிறம் ஏறியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருந்தது. ஆன்டிபாடி நன்றாகவே இருந்தது. டாக்டர் வெளியே போய் வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டி வாடகையையும் தந்து அனுப்பினார்.

பின்னால் யோசித்தபோது அதில் அதிசயம் எதுவும் இல்லை என்று புரிந்தது. கோழி முட்டையிடும்போது தன் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியை நாள்தோறும் மஞ்சள் கருவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. முட்டையை நிறுத்தினால் அனுப்ப வழியில்லை, இருப்பது உள்ளேயே இருக்கிறது. எங்கள் கோழிகளில் அப்படித்தான் நடந்தது. எல்லாப் பண்ணையிலும், எல்லா ஊசிக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உடம்பு நொந்திருக்கும் காலத்தில் அது குறையவும் கூடும். நீங்களும் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், என் பேரைச் சொல்லிப் பேசாதீர்கள்.

அடுத்த தலைவலி, கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்க்கவில்லை. ஒன்று மொட்டையாக நிற்கும், பக்கத்துக் கூண்டில் இன்னொன்று கெட்டிக்காரி மாதிரி முட்டை போட்டுக்கொண்டிருக்கும். உதிர்க்க ஆரம்பித்த கோழிகளும் நடுநடுவே ஒன்றிரண்டு போடும். அந்த முட்டைகளைத் தனித்தனியே சோதித்தால் ஒன்று ஒரு கதை சொன்னது, அடுத்தது வேறு கதை சொன்னது. எல்லாவற்றையும் கலந்துவிட்டால் அளவு எப்படியோ தேறிவிடும் என்று கூடத்தில் இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். தேறியிருக்கும்தான். ஆனால் அடுத்த வாரம் தேறாவிட்டால் எந்தக் கோழியால் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் உதிர்க்கும் கோழிகளை ஒரு வரிசைக் கூண்டுகளுக்கு மாற்றச் சொன்னேன், அவற்றின் முட்டைகளைத் தனியே வைத்தேன். முட்டைகளைக் கலக்காதே என்று நான் தொணதொணத்ததைப் பார்த்து, என் வீட்டில் காப்பிக்குக்கூடப் பாலும் டிகாக்ஷனும் தனித்தனியாகத்தான் வைப்பேன் என்று பின்னால் கேலி செய்தார்களாம். செய்யட்டும்.

மீதி முட்டை ஒரு தடவைப் பொடிக்குக்கூடப் போதவில்லை, அதனால் பொடி நின்றது. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, கோழி இறகு உதிர்க்கிறது, இப்போதைக்குப் பொடி கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். குண்டலுபேட்டையிலிருந்து ஒருவர், உங்கள் கோழிக்கு மழிக்க நல்ல நேரம் பார்த்தீர்களே என்றார். பழனியம்மா மட்டும், "அதுக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா?" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, மாட்டுக்கு மடி இறங்க ஆரம்பித்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு மாடு முந்துமா கோழி முந்துமா என்று எங்களுக்குள் ஒரு பந்தயமே நடந்தது. வாரத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து போன் வரும். "கோழிக்கு ரெக்கை மொளச்சுதுங்களா அக்கா?" என்பாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கழுத்தில் வந்திருக்கிறது, வாலில் இன்னும் இல்லை என்று பதில் சொல்வேன். தலை நரைத்த பெண்பிள்ளை ஒருத்தி வேலை நேரத்தில் கோழி வால் அளந்துகொண்டிருந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? விளக்கைச் சரி செய்தோம், நல்ல தீவனம் கொடுத்தோம், மற்றபடி காத்திருந்தோம். நம் தொழிலில் காத்திருப்பதும் ஒரு வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற மாதிரி தோன்றுவதால் அது எல்லோருக்கும் கைவருவதில்லை.

மார்கழிக் குளிரில் கோழிகள் திரும்ப முட்டைக்கு வந்தன. புது இறகோடு பார்க்க மகாராணிகள்போல இருந்தன. முதல் முட்டைகளைச் சோதித்தபோது ஆன்டிபாடி, இறகு உதிர்ப்பதற்கு முன் இருந்ததைவிடக் குறையவில்லை, பலவற்றில் கூடவே இருந்தது. டாக்டர் நம்பவில்லை. மறுபடி செய்யச் சொன்னார், செய்தேன். அதே பதில். அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இவற்றையா கறிக்கு அனுப்ப இருந்தேன் என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். பொடி தயாரானதும் முதல் பொட்டலம் கொள்ளேகால் பஸ்ஸில் பழனியம்மாவுக்குப் போனது. கோழி முந்திவிட்டது.

சங்கராந்தி முடிந்து சில நாள் கழித்து ஒரு காலை, யூனிட் வாசலில் பழனியம்மா வந்து நின்றாள். நல்ல சேலை, தலையில் பூ, கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பெரிய தூக்குப்போசி, தூக்குவாளி என்பீர்களே அதுதான். விடிவதற்கு முன்னே மாடு கிடேரிக் கன்று போட்டதாம். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"மொதக் கறவைங்க்கா. சாமிக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சதோட சரி, வேற ஆருக்கும் குடுக்கலீங்க. அப்படியே உங்களுக்குக் கொண்டாந்துட்டனுங்க" என்றாள்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். சீம்பால் எங்கள் பக்கத்தில் சும்மா பால் இல்லை. மாடு ஈன்றால் முதல் கறவை சாமிக்கும், நல்லது செய்தவர்களுக்கும் போகும். இந்த ஊரில் கிண்ணு என்பார்கள், வெல்லம் போட்டு ஆவியில் வேகவைத்தால் அமிர்தம். சம்பளமும் பாராட்டும் வாங்கியிருக்கிறேன், இந்தத் தூக்குப்போசியின் கனத்துக்கு எதுவும் ஈடாகவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். டாக்டரைக் கூப்பிட்டேன். வாங்கிய சந்தோஷத்தில், கன்று எப்படி இருக்கிறது, என்ன குடித்தது என்று கேட்டேன்.

"உங்க பொடிதானுங்க. வெதுவெதுன்னு தண்ணியில கலக்கிக் குடுத்துட்டு வந்தனுங்க" என்றாள். சீம்பால் கொடுக்கவில்லையா என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அதான் கோழி போடற சீம்பாலுன்னு டாக்டரு சொன்னாருங்களே. அது இருக்கறப்போ மாட்டுச் சீம்பாலு கன்னுக்கு எதுக்குங்க?"

டாக்டர் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். உங்களுக்குக் காரணம் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி கிடையாது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் குடல் வழியாக ரத்தத்துக்கு ஏறும். நேரம் ஆக ஆகக் குடலின் அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். நம் பொடி குடலில் இருந்துகொண்டு ஒரே ஒரு கிருமியோடு சண்டை போடும், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் தூக்குப்போசிதான் மருந்து. கன்று ஹனூருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. மருந்து என் கையில் இருக்கிறது, நான் வெல்லம் எவ்வளவு போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? தப்பு செய்துவிட்டாய் என்று சொன்னால் பொய். நாங்கள் சொன்னதை அப்படியே நம்பியதைத் தவிர அவள் என்ன செய்தாள்? டாக்டர்தான் முதலில் பேசினார். உடைந்த தமிழில், தப்பு தன்னுடையது, தான் சொன்ன வார்த்தை சரியில்லை என்று அவளுக்குச் சொன்னார். ஒரு முதலாளி அப்படிச் சட்டென்று சொன்னதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு நான் அவளை உட்காரவைத்து, இந்தப் பால் கன்றுக்கு ஏன் வேண்டும் என்று சொன்னேன். அவள் எழுந்துகொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அவள் கணவர் மாரப்பனுக்குப் போன் போட்டோம். நஞ்சுக்கொடி விழும்வரை ஊட்டவிடக் கூடாது என்று கன்றைத் தள்ளிக் கட்டியிருந்தார். உடனே அவிழ்த்து ஊட்டவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். முதல் கறவை போன மடியில் கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் வலு குறைந்தது. அவள் எடுத்து வந்த பாலும் போய்ச் சேர வேண்டும். பாலைக் கூடத்தில் இருந்த சுத்தமான கேனுக்கு மாற்றி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, மூவரும் டாக்டரின் காரில் ஏறினோம்.

நரசிபுரம் தாண்டும்வரை பழனியம்மா பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்த பாலு திரும்பி ஊட்டுக்கு வந்தா அவரு உள்ள உடமாட்டாருங்க்கா" என்றாள்.

எனக்கு அது உறைக்காமல் இல்லை. எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. வாசல் தாண்டிக் கொடுத்த சீம்பாலைத் திருப்பி வாங்கினால் மாடு மடி வற்றும் என்பார்கள். ஒரு கன்றைப் பறிகொடுத்த வீட்டில் அந்தப் பயம் இரண்டு மடங்கு இருக்கும். வாசலில் நின்று அறிவியல் பேசலாம். மாரப்பன் மரியாதையாகக் கேட்பார், கேட்டுவிட்டு முடியாது என்பார். அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். காரில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். கொள்ளேகால் கடைவீதி வந்ததும் காரை நிறுத்தச் சொன்னேன்.

டாக்டர் கத்தினார். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று அவர்தானே சொன்னார், கத்தாமல் என்ன செய்வார்? நான் இறங்கி ஒரு தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு துண்டு வாங்கினேன். கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது, அதனால் தூக்குப்போசி நிறைய அச்சு வெல்லம் வாங்கினேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அன்றைக்கு நான் அந்த அண்டாவைச் சாய்த்துவைத்துக் கையை நுழைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மாரப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் முகம் இறுகியது. பழனியம்மா காரை விட்டு இறங்கவே தயங்கினாள். நான் தட்டில் கேனை வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கும் துண்டும் வெல்லமும் வைத்து, வாசலுக்குப் போனேன்.

"மாப்ள, பழனியம்மா என் தங்கச்சி. அவ குடுத்த பாலு என் ஊட்டுக்கு வந்து சேந்தாச்சு, அது இப்ப என்னுது. தங்கச்சி ஊட்ல கன்னு பொறந்திருக்குது, பொறந்த ஊட்லருந்து நான் சீர் கொண்டாந்திருக்கறன். வாங்கிக்கறீங்களா, திருப்பி அனுப்பறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு காரில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீர் என்று ஒன்று அந்த வாசலுக்கு வந்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சீரை ஆராச்சும் திருப்பி அனுப்புவாங்களாக்கா? உள்ள வாங்க" என்றார். எனக்குப் பின்னால் பழனியம்மா விசும்புவது கேட்டது.

உள்ளே போனதும் மாரப்பன் கேனை வாங்கி நேரே அடுப்புக்குக் கொண்டுபோனார். வந்த பாலைக் காய்ச்சுவதுதானே எந்த வீட்டிலும் வழக்கம். டாக்டர் செருப்போடு சமையல்கட்டுக்குள் ஓடித் தடுத்தார். காய்ச்சியிருந்தால் சூட்டில் ஆன்டிபாடி அழிந்து அத்தனை ஓட்டமும் வீண். வெந்நீரில் கேனை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாட்டிலில் ஊற்றினோம். கன்று காது தொங்கிப் படுத்திருந்தது. மாட்டிடம் ஊட்டவிட்டபோது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சோர்ந்து விழுந்ததாம். பழனியம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் பால் கடைவாயில் ஒழுகியது. டாக்டர் தாடையைத் தடவிக்கொடுத்தார். பிறகு தொண்டை ஏறி இறங்கியது. பாட்டில் காலியானதும் கொஞ்சம் விட்டு அடுத்த பாட்டில் கொடுத்தோம். நாங்கள் கிளம்பும் நேரத்துக்குக் கன்று பின்னங்காலை ஊன்றி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது.

சில நாளில் அதற்குக் கழிச்சல் வந்தது, லேசாகத்தான். பொடியைத் தொடர்ந்து கொடுத்தாள், நின்றுவிட்டது. எது காப்பாற்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். மாடும் காப்பாற்றியது, மொட்டைக் கழுத்துக் கோழிகளும் காப்பாற்றின. பங்கு பிரிக்க என்னால் முடியாது. டாக்டர் அதற்குப் பிறகு அந்த வரியை எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. இன்றைக்கு நீங்கள் ஒட்டுகிற பொட்டலத்தில் 'முதலில் சீம்பால், பிறகு பொடி' என்று பெரிதாக இருக்கிறதே, அது அந்த வாரம் போட்டது. விளங்கவைப்பதற்கு ஓர் உவமை சொல்லும் முன், அதைக் கேட்பவர் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள். நம்மை நம்பாதவர்களால் நமக்கு ஆபத்து குறைவு. முழுசாக நம்புகிறவர்களிடம்தான் வார்த்தையை அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் வேலைக்காலம் முழுக்க எனக்கு நல்லவர்களே வாய்த்தார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாய்த்தார்கள். வியாபாரியை வெளியே வைத்துக்கொண்டு என் கேள்விக்காக ஊசியை எடுத்த டாக்டர். பொடி இல்லை என்று கேட்டும் கோழிக்காகப் பரிந்து பேசிய பழனியம்மா. தன் பயத்தை மடித்துத் துண்டோடு இடுப்பில் கட்டிக்கொண்ட மாரப்பன். இவர்களுக்கு நான் செய்ததைவிட இவர்கள் எனக்குச் செய்தது அதிகம்.

மாசி மாதம் பழனியம்மா ஆள் விட்டு அழைத்தாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கன்று தொழுவத்துக்கும் வாசலுக்குமாகத் துள்ளிக்கொண்டிருந்தது, என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு மிச்சம் மீதி கொடுத்துவிட்டால் அதைவிட அவமரியாதை கிடையாது. முதல் கறவையை ஒரு சொட்டு சிந்தாமல் மைசூர்வரை சுமந்து வந்த பெண் அவள். அன்றைக்கு என் கண்ணெதிரே கன்றை அவிழ்த்து வயிறு புடைக்க ஊட்டவிட்டாள். அது வாயில் நுரையோடு தானாக விலகிய பிறகுதான் மடியில் கை வைத்தாள். கறந்த பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, பெரிய டம்ளரில் கொண்டுவந்து தலைநிமிர்ந்து நீட்டினாள்.

"குடிங்க்கா. கன்னு குடிச்ச மிச்சமுங்க."